பத்து டிகிரி கூடினால் பாதி ஆயுள்! எக்ஸெல் சொல்லும் கணக்கு

எக்ஸெல் என்றால் மாதச் செலவுக் கணக்குதான் என்று புதிதாக கம்ப்யூட்டர் வாங்கிய பலரும் நினைக்கிறார்கள். அனல் மின் நிலையத்தின் நீராவிக் குழாய் எத்தனை காலம் உழைக்கும் என்பதையும் அதில் ஒரே வரியில் தோராயமாகப் பார்த்துவிடலாம். மெக்கானிக்கல் படித்துவிட்டு சாப்ட்வேருக்கு வந்த எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது.

புத்தக அலமாரியின் பலகை, அதே சுமையில் வருடக்கணக்கில் இருந்தால் மெல்லத் தொய்கிறது அல்லவா? அதேபோல, கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் இருக்கும் எஃகு கொஞ்சம் கொஞ்சமாக நீளும். இதற்கு க்ரீப் என்று பெயர். கவனிக்காமல் விட்டால் குழாய் ஒருநாள் வெடிக்கும். அருகில் வேலை செய்பவரின் உயிருக்கே ஆபத்து.

இதைத் தாங்குவதற்கென்றே தனி எஃகுகள் உண்டு. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் 1970களில் உருவான கிரேடு 91 அவற்றில் ஒன்று. இதில் சுமார் 9 சதவீதம் குரோமியமும் 1 சதவீதம் மாலிப்டினமும் இருக்கும். சிறிதளவு சேர்க்கும் வனேடியம், நியோபியம் ஆகியவை நுண்துகள்களாகி, எஃகு நழுவாமல் முளைக்குச்சி போலப் பிடித்துக்கொள்கின்றன.

இனி கணக்கு. லார்சன், மில்லர் என்ற இருவர் 1952ல் தந்த சூத்திரம் இது. ஒரு குழாய் 600 டிகிரி செல்சியஸில் 1,00,000 மணி நேரம் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். 610 டிகிரியானால்? எக்ஸெலில் ஒரு கட்டத்தில் இப்படி டைப் செய்து என்டர் தட்டுங்கள்:

=10^(873*25/883-20)

(^ குறிக்கு ஷிப்ட் கீயுடன் 6ஐ அழுத்தவும்.) செல்சியஸுடன் 273 கூட்டினால் கெல்வின். 600க்கு 873, 610க்கு 883. 20 என்பது வழக்கமாக எடுத்துக்கொள்ளும் எண். ஒரு லட்சத்தில் உள்ள ஐந்து சைபருக்காக 5 சேர்த்தால் 25.

விடை சுமார் 52,100. பதினொரு வருடத்துக்கு மேல் உழைக்க வேண்டிய குழாய்க்கு ஆறு வருடம்கூட இல்லை! 883க்குப் பதில் 863 போட்டால், அதாவது 590 டிகிரியில், சுமார் 1,94,800 மணி நேரம் வரும்.

என் முதல் வேலையில், ஒரு மின் நிலையத்தின் வெப்பநிலையைப் பதிவு செய்யும் புரோகிராம் எழுதினேன். டிஸ்க்கில் இடம் மிச்சமாகட்டும் என்று தினசரி சராசரியை மட்டும் சேமித்தேன். அங்கிருந்த மூத்த இன்ஜினியர், "தம்பி, குழாய்க்கு சராசரி தெரியாதே!" என்றார். பாதி நேரம் 590, பாதி நேரம் 610 என்றால் சராசரி 600தான். ஆனால் ஆயுள் ஒரு லட்சம் அல்ல, சுமார் 82,000 மணி நேரம். 610ல் கழியும் ஆயுளை 590ல் கிடைக்கும் லாபம் ஈடுகட்டாது. அன்றே புரோகிராமை மாற்றி எழுதினேன்.

ஒரு எச்சரிக்கை: 20 என்ற எண் எஃகுக்கு எஃகு மாறும். இது கற்றுக்கொள்வதற்கான கணக்கு மட்டுமே. அடுத்து 893 போட்டுப் பாருங்கள். விடை உங்களைத் திகைக்க வைக்கும்!