பாட்டி சொன்ன இலக்கம்

அமெரிக்காவில் இலையுதிர் காலத்துச் சனிக்கிழமை வந்துவிட்டால், கலாசாலை ஊர்களெல்லாம் தேர்த்திருவிழாக் கோலம் பூண்டுவிடும். காரணம், கால்பந்து! நம் பிள்ளைகள் தெருவில் உதைத்து விளையாடும் பந்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது முட்டை வடிவப் பந்து. அதைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓட வேண்டும். எதிர் அணியார் மேலே விழுந்து அமுக்கப் பார்ப்பார்கள்.

கலாசாலைகள் சில சேர்ந்து 'கான்பரன்ஸ்' என்று ஒரு கூட்டு அமைத்துக்கொண்டு தங்களுக்குள் போட்டியிடும். பருவம் முடிந்ததும், எல்லா அணிகளிலிருந்தும் ஒவ்வோர் இடத்துக்கும் சிறந்தவரைப் பொறுக்கி ஒரு ஜாபிதா வெளியிடுவார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த அணி எந்த மைதானத்திலும் இறங்கி ஆடுவதில்லை. காகிதத்தில் மட்டுமே இருக்கும் அணி! ஆயினும் அதில் பெயர் வந்துவிட்டால் பெற்றவளுக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

1966, 1967, 1968 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தென்மேற்குக் கான்பரன்ஸின் ஜாபிதாவில் ஒரு பெயர் விடாமல் வந்தது: ஜெர்ரி லெவையாஸ். டெக்ஸஸ் மாநிலத்துப் போமான்ட் ஊர்க் கறுப்பர் வீட்டுப் பிள்ளை. ஆள் உயரமும் இல்லை, பருமனும் இல்லை. ஆனால் கால்களோ காற்று!

அந்தக் கான்பரன்ஸில் அதற்குமுன் எந்தக் கலாசாலையும் கறுப்பு ஆட்டக்காரருக்கு உபகாரச் சம்பளம் தந்ததில்லை. டல்லாஸ் நகரின் தெற்கு மெதடிஸ்ட் ஸர்வகலாசாலைக்குப் பயிற்சியாளராக அழைக்கப்பட்ட ஹேடன் ஃப்ரை, "கறுப்பு மாணவரையும் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்தால்தான் வருவேன்" என்று நிபந்தனை போட்டவர். அவர்தான் 1965-ல் லெவையாஸைச் சேர்த்தார்.

பேரனை வழியனுப்பிய பாட்டிக்கு மனம் கேட்குமா? சட்டையில் 23 என்ற இலக்கத்தை அணிந்துகொள்ளச் சொன்னாள். பைபிளின் 23-ம் சங்கீதம் அச்சத்தைப் போக்கும் பாட்டு அல்லவா? நாம் குழந்தையின் கையில் காப்புக் கயிறு கட்டுகிறோமே, அதைப் போலத்தான்.

காப்பு தேவைப்படத்தான் செய்தது. வசைக் கடிதங்கள் வந்தன. சொந்த அணியிலேயே தனிமை. 1966-ல் ஓர் ஆட்டத்துக்கு முன், களத்தில் இறங்கினால் சுட்டுவிடுவதாகவே மிரட்டல் வந்தது. அவர் இறங்கினார், ஆடினார். அந்த ஆண்டு அவரது அணி கான்பரன்ஸ் பட்டத்தையும் வென்றது.

பொறுமைக்கும் எல்லை உண்டே! 1968-ல் டெக்ஸஸ் கிறிஸ்தவ ஸர்வகலாசாலையுடன் ஆடும்போது எதிர் அணிக்காரர் ஒருவர் அவர் முகத்தில் துப்பிவிட்டார். லெவையாஸ் தலைக்கவசத்தைக் கழற்றி வீசினார். 'இனி ஆட மாட்டேன்' என்று ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டார். ஃப்ரை பக்கத்தில் போய்ப் பேசினார். சிறிது நேரத்தில், எதிரிகள் பந்தை உதைக்கும் தறுவாயில், லெவையாஸ் எழுந்து களத்துக்குப் போனார். வந்த பந்தைப் பிடித்தார். 89 கஜ தூரம்! ஒருவர் கையிலும் அகப்படாமல் எல்லைக் கோட்டைத் தாண்டினார். ஆட்டம் 21-14 என்று அவர் அணிக்கே வெற்றி.

படிப்பிலும் அவர் சோடை போகவில்லை. படிப்பிலும் ஆட்டத்திலும் சிறந்தவர்களுக்கான தேசிய கௌரவம் அதே ஆண்டு கிடைத்தது. 2003-ல் கலாசாலைக் கால்பந்தின் புகழ் மண்டபத்திலும் இடம் பெற்றார்.

அந்தக் கான்பரன்ஸ் 1996-ல் கலைந்துவிட்டது. பழைய ஜாபிதாக்கள் இருக்கின்றன. அவற்றில் பெயரும் கலாசாலையும்தான் காணும். துடைத்துக்கொண்ட எச்சிலும், பாட்டி சொன்ன இலக்கமும் எந்த ஜாபிதாவில் ஏறும்? நம் வீட்டுப் பிள்ளை ஒரு பரிசை வாங்கிக்கொண்டு வாசற்படி ஏறும்போது, "எத்தனையாவது?" என்று கேட்பதற்கு முன், "ரொம்பக் கஷ்டப்பட்டாயா, கண்ணா?" என்று ஒரு வார்த்தை கேட்டு வைப்போமே!