காரைக்கால் ஆசிரியரும் ஆங்கில முதுகலைக் கல்வியும்

காவிரியின் கிளைகள் கடலொடு கலக்கும் பகுதியில், வடக்கே தரங்கம்பாடிக்கும் தெற்கே நாகப்பட்டினத்திற்கும் இடைப்பட்டு, ஏறத்தாழ 160 சதுரக் கிலோமீட்டர் பரப்பில் அமைந்தது காரைக்கால். 1739-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் வசமான இப்பகுதி, இடையிடையே ஆங்கிலேயர் கைப்பட்ட காலம் ஒழிய, 1954 நவம்பர் முதல் நாள் வரை பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்தது. சட்டமுறையிலான இணைப்பு 1962 ஆகஸ்டு 16-இல் நிறைவெய்தியது. சூழ்ந்திருந்த தஞ்சை மாவட்டத்தில் ஆங்கிலம் ஆட்சிக்கும் உயர்கல்விக்கும் உரிய மொழியாய் வேரூன்றிய காலத்தில், காரைக்காலில் அவ்விடத்தைப் பெற்றிருந்தது பிரெஞ்சு மொழியே. 'கொம்யூன் பஞ்சாயத்து' என்னும் வழக்கு இன்றும் நின்று நிலவுதல் அதற்குச் சான்றாகும்.

எனவே ஆங்கிலம் இங்குப் பிந்தி வந்த மொழி. வந்த பின்னரோ அதன் தேவை விரைந்து பெருகிற்று. புதுச்சேரிப் பல்கலைக் கழகம் 1985-இல் நிறுவப்பெற்றது. அதற்கு முன் இப்பகுதிக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக் கழகத்தைச் சார்ந்திருந்தன. அண்மை ஆண்டுகளில் புதுவை மாநில அரசுப் பள்ளிகள் நடுவண் இடைநிலைக் கல்வி வாரியத்தின் பாடத்திட்டத்திற்கு மாறியுள்ளன. வீட்டில் தமிழே பேசும் உழவர், மீனவர் குடிச் சிறார்க்கு ஆங்கிலம் கிட்டும் வாயில் பெரும்பாலும் பள்ளி ஆசிரியர் ஒருவரே. அவ்வாசிரியர் பெறும் முதுகலைக் கல்வி அவர்தம் வகுப்பறைக்கு எத்துணைப் பயன்படுகிறது என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள்.

இருவகைக் கல்வியும் இடைவெளியும்

மேல்நிலை வகுப்பில் ஆங்கிலம் கற்பிக்க விழைவார் அம்மொழியில் முதுகலைப் பட்டமும், கல்வியியற் பட்டமும் பெறுகின்றனர். முன்னதில் சாசர் முதலாக இருபதாம் நூற்றாண்டு ஈறாக உள்ள இலக்கியமே பெரும்பகுதி. மொழியியலுக்கும் மொழி கற்பித்தலுக்கும் ஓரிரு தாள்களே அமைவது பெருவழக்கு. பின்னதில் பாடம் நடத்தும் முறை கூறப்படும். தமிழ் பேசும் மாணவன் ஆங்கிலத்தை எவ்வாறு எதிர்கொள்கிறான் என்னும் வினா இவ்விரண்டிற்கும் இடையே விடுபட்டுப் போகிறது. இலக்கியம் வேண்டா என்பது நம் கருத்தன்று. சுவையறியா ஆசிரியர் மொழியறிவையும் ஊட்டவியலாது. ஆயினும், வகுப்பில் நாடோறும் அவர் திருத்தும் பிழைகளின் காரணத்தை நாடக வரலாறு விளக்காது.

இக்குறையை அறிஞர் உணராமலில்லை. 1958-இல் ஐதராபாத்தில் தொடங்கப்பெற்ற நடுவண் ஆங்கில நிறுவனமும், 1963-இல் பெங்களூரில் தோன்றிய தென்னிந்திய வட்டார ஆங்கில நிறுவனமும் ஆசிரியர் பயிற்சியையே நோக்கமாகக் கொண்டன. முன்னது பின்னர்ப் பல்கலைக் கழகமாக உயர்ந்தது. எனினும் பொதுவாக வழங்கும் முதுகலைப் படிப்பில் அவற்றின் தாக்கம் சிறிதே எனலாம்.

ஒலிநிலை

பிழைகள் சிலவற்றை நோக்குவோம். 'ஸ்கூல்' என்பதனை 'இஸ்கூல்' என்றும், 'புக்' என்பதனை 'புக்கு' என்றும் சிறார் ஒலிக்கின்றனர். ஆசிரியர் இதனை நாவின் சோம்பல் எனக் கடிவதுண்டு. உண்மை வேறு. தமிழில் இருமெய் இணைந்து மொழிமுதல் வாரா. வல்லின மெய் மொழியிறுதியில் தனித்து நில்லாது, குற்றியலுகரம் பெற்றே முடியும். இவ்விரு மரபும் தொல்காப்பியர் காலந்தொட்டு இலக்கணநூலார் வகுத்துக் காட்டியனவே. ஆகவே 'புக்கு' என்னும் மாணவன் தன் தாய்மொழி இலக்கணத்தைப் பிறழாது பின்பற்றுகின்றான் என்பதே பொருந்தும்.

'கடல்', 'பகல்', 'தங்கம்' என்னும் மூன்று சொற்களிலும் ககரம் ஒன்றே, ஒலி மூன்று. வரும் இடம் நோக்கி ஒலி தானே வேறுபடுதலின், தமிழுக்குத் தனியெழுத்து வேண்டாவாயிற்று. ஆங்கிலத்திலோ ஒலிப்புடைய எழுத்தும் ஒலிப்பிலா எழுத்தும் பொருளையே மாற்றுவன. குண்டூசியைக் குறிக்கும் சொல்லையும் குப்பைக்கூடையைக் குறிக்கும் சொல்லையும் தமிழில் எழுதின் இரண்டும் 'பின்' என்றே அமைதல் காண்க.

தொடர்நிலை

'நேற்று வந்த மாணவன்' என்பதில் பெயரெச்சம் பெயர்க்கு முன் நிற்கிறது. ஆங்கிலத்தில் அவ்விளக்கம் பெயர்க்குப் பின் தனிவாக்கியமாய் விரிகிறது. 'எனக்குப் பசிக்கிறது' என நான்காம் வேற்றுமையாற் கூறுவதை ஆங்கிலம் எழுவாயாற் கூறும். 'நாம்', 'நாங்கள்' என்னும் வேறுபாடு ஆங்கிலத்தில் இல்லை. மாறாக, ஆங்கிலப் பெயர்க்கு முன்வரும் சுட்டிடைச் சொற்கள் தமிழில் இல்லை. 'ஒரு', 'அந்த' என்பன அவற்றிற்கு முற்றும் ஒவ்வா.

இவ்விடத்துக் காரைக்கால் தனிப் பாடம் ஒன்றைத் தருகிறது. பிரெஞ்சில் 'லெ', 'லா' என்னும் அத்தகைய இடைச்சொற்கள் உள; 'வாழ்க்கை' போன்ற பண்புப் பொதுப்பெயர்க்கும் அவை முன்வரும். ஆங்கிலத்தில் அப்பெயர்க்குப் பொதுவாக வாரா. எனவே பிரெஞ்சு வழி ஆங்கிலத்திற்கு வருவோர் அவ்விடைச்சொல்லை மிகுத்தற்கும், தமிழ்வழி வருவோர் விடுத்தற்கும் இடமுண்டு. கற்கும் மொழி ஒன்றாயினும், கற்பவர் புறப்படும் இடம் வேறாதலின் தடையும் வேறாகிறது.

ஒப்பிலக்கணத்தின் எல்லை

இவ்வுண்மையை 1957-இல் இராபர்ட் லாடோ ஒரு கோட்பாடாகவே வகுத்தார். ஆயின் பிழை யாவும் தாய்மொழியால் விளைவன எனல் மிகையாகும். 1967-இல் பிட் கார்டர், பிழை என்பது கற்போன் உள்ளத்தில் மொழி உருப்பெறும் நெறியைக் காட்டும் சான்று என விளக்கினார். 'சென்றான்' என்பதற்குரிய ஆங்கில இறந்தகால வடிவை 'கோட்' எனப் பொதுவிதிப்படி ஆக்கும் பிழை, ஆங்கிலேயக் குழந்தையிடத்தும் காணப்படுவது. 1979 முதல் 1984 வரை பெங்களூரை நடுவாகக் கொண்டு பிரபு நடத்திய ஆய்வு, இலக்கணத்தை நேரே கற்பியாமல் செயல்கள் வாயிலாக மொழியைப் பயிற்ற முயன்றது. மாணவனுக்கு இலக்கண விளக்கம் வேண்டுமா என்பதில் இவ்வாறு கருத்து வேறுபாடு உண்டு. ஆசிரியனுக்கு அவ்வறிவு வேண்டும் என்பதில் ஐயமில்லை. எப்பிழை தமிழால் வந்தது, எப்பிழை வளர்ச்சியால் வந்தது எனப் பகுத்தறியாதவன் இரண்டையும் ஒரே செம்மையால் கீறுவான். மாணவன் வாய் திறக்கவே அஞ்சுவான்.

செய்யத்தக்கன

இக்கடற்கரைக்கு இம்முயற்சி புதிதன்று. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு எழுதிய தமிழிலக்கணம் 1716-இல் ஜெர்மனியின் ஆலே நகரில் இலத்தீனில் அச்சாயிற்று. வீரமாமுனிவர் இலத்தீனில் இயற்றிய கொடுந்தமிழ் இலக்கணம் 1738-இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. தாம் அறிந்த மொழியில் நின்று அறியாத மொழியை அளந்தவர் அவர். அவ்வழியையே தமிழில் நின்று ஆங்கிலம் நோக்கி அமைத்தல் நம் கடன்.

அதற்கு, ஆசிரியர் பயிலும் ஆங்கில முதுகலையில் தமிழ்–ஆங்கில ஒப்பிலக்கணம் கட்டாயத் தாளாதல் வேண்டும். அதனைத் தமிழ்த்துறையும் ஆங்கிலத்துறையும் கூடிக் கற்பித்தல் தகும். இறுதியாண்டு ஆய்வேட்டிற்குப் பொருளாக, ஆசிரியர் தம் மாணவர் ஏடுகளிலுள்ள பிழைகளைத் தொகுத்து, வகைப்படுத்தி, காரணங் காணுதலை ஏற்றுக்கொள்ளலாம். திருநள்ளாற்றிலும் நெடுங்காட்டிலும் கோட்டுச்சேரியிலும் உள்ள பள்ளிகளின் ஏடுகளே அதற்குப் போதிய மூலமாம்.

தமிழிலக்கணம் அறிதல் ஆங்கில ஆசிரியர்க்கு அணியன்று, கருவி. 'புக்கு' என்று சொல்லும் சிறுவனின் பிழையில் ஒழுங்கொன்று இருப்பதைக் கண்டுகொள்ளும் ஆசிரியரே, அவனை அடுத்த மொழியின் ஒழுங்கிற்கு இட்டுச் செல்ல வல்லவராவர் என்பது இக்கட்டுரையின் முடிபு.