பழி கிரகணத்துக்கு, பாரம் தாய்க்கு

பச்சைமலை அடிவாரத்தில், மரச்சிற்பத்துக்குப் பேர்போன அரும்பாவூர்ப் பக்கம் அன்றெல்லாம் உதடு பிளந்து ஒரு பிள்ளை பிறந்தால் முதல் கேள்வி தாயிடம்தான்: “கிரகணத்தன்னிக்கு அரிவாள்மனையைத் தொட்டியா?” இல்லையென்று அழுதாலும் நம்ப ஆளில்லை. பாதம் வளைந்து பிறந்தால் முன்வினை என்றார்கள்; பிள்ளை திண்ணையோடு வளர்ந்தது. தாய்மாமனுக்கும் அத்தை மகனுக்கும் பெண் கொடுப்பதை மட்டும் யாரும் கேள்வி கேட்கவில்லை.

இன்று சில காரணங்கள் தெளிவாகத் தெரியும். மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய், கருத்தரித்து 28 நாளுக்குள் மூடிவிட வேண்டும். நாள் தள்ளிப்போனது பெண்ணுக்கு உறுதியாவதற்குள் அந்த வேலை ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. ஏற்கெனவே அக்குழாய் மூடாத குறையுள்ள பிள்ளையைச் சுமந்த தாய்மார்களுக்குக் கருத்தரிக்கும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் கொடுத்தபோது, குறை திரும்புவது 72 சதவீதம் குறைந்ததாக 1991-இல் பிரிட்டன் ஆய்வு காட்டியது. கர்ப்பிணிக்கு வரும் ரூபெல்லா அம்மை சிசுவின் கண்ணையும் காதையும் இதயத்தையும் கெடுக்கும். தமிழகத்தில் பிள்ளைகளுக்கு அதன் தடுப்பூசி 2017-இல் பரவலாகப் போடப்பட்டது. கட்டுப்படாத சர்க்கரை, மது, சில வலிப்பு மாத்திரைகள் ஆகியவையும் காரணமாகும். சொந்தத்தில் மணந்தால், இருவரிடமும் ஒளிந்திருக்கும் ஒரே பழுதான மரபணு பிள்ளையிடம் சேர வாய்ப்பு கூடுகிறது. இத்தனை தெரிந்தும், பாதிக்கு மேற்பட்ட குறைகளுக்கு இன்னதுதான் காரணம் என்று மருத்துவத்தாலேயே சொல்ல முடிவதில்லை. அப்படியிருக்க, தாயைக் குற்றவாளியாக்க யாருக்கு உரிமை?

வளைந்த பாதத்துக்கு இன்று வழியுண்டு. பிறந்த சில நாளிலேயே தொடங்கி, வாரமொரு மாவுக்கட்டாக மாற்றி மாற்றிப் போட்டுப் பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புகிறார்கள். பிறகு நாலு வயதுவரை இரவில் தனிக் காலணி. இடையில் விட்டால் பாதம் மறுபடி வளைந்துவிடும். 2013 முதல் அரசின் சிறார் நலத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே.-யின் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வந்து, குறையுள்ள பிள்ளைகளைக் கண்டறிந்து இலவச சிகிச்சைக்கு அனுப்புகின்றன.

மாறாததும் உண்டு. 2019 டிசம்பர் 26-இல் திருச்சி வழியே கங்கண கிரகணம் கடந்தபோதும் கர்ப்பிணிகளைக் கதவடைத்து உட்காரவைத்த வீடுகள் இருந்தன. அதே அக்கறை நாள் தள்ளிப்போவதற்கு முன்பே தொடங்கட்டும். மருத்துவரைக் கேட்டு, கருத்தரிக்க ஒரு மாதம் முன்பிருந்தே தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் பெரும்பாலான பெண்களுக்குப் போதும். சொந்தத்தில் மணம் பேசுவோர் முதலில் மரபணு ஆலோசனை கேட்கட்டும். சீர்வரிசை பேசும் இரு வீட்டாரும் இவற்றையும் சேர்த்தே பேச வேண்டும்.