கிணற்றடியில் ஒரு கேள்வி



புதுமை நம் வாயிலுக்கு வரும்போது நன்மையின் உருவத்திலேயே வருகிறது. அதற்குரிய விலையைக் கொடுப்பவர் யார் என்னும் கேள்வியோ வெகுகாலஞ் சென்றே எழுகிறது. புத்தளம் மாவட்டத்திலே, குறிஞ்சிப்பிட்டி அமைந்துள்ள கற்பிட்டிக் குடாநாட்டின் கிணறுகள் இன்று அக்கேள்வியைக் கேட்கின்றன.

மேற்கே கடல், கிழக்கே புத்தளம் களப்பு, இடையே மணல் நிலம். மழைநீர் மணலினூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது விஞ்ஞானிகள் கண்ட கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழே இழப்பது எவ்வளவு என்பதை நேயர்களே கணித்துக்கொள்ளலாம்.

கையால் நீரிறைத்த நாளிலே, உடலின் களைப்பே இறைப்புக்கு எல்லையாயிருந்தது. யந்திரம் வந்தது, அவ்வெல்லை மறைந்தது. கூடவே இரசாயனப் பசளையும் வந்தது. வெறும் மணலிலே மிளகாயும் வெங்காயமும் செழித்தன, குடும்பங்கள் தலையெடுத்தன. இந்த நன்மையை மறுப்பது நன்றிகேடாகும். ஆயினும், மணலுக்குப் பசளையைப் பிடித்துவைக்கும் ஆற்றல் குறைவு. பயிர் உண்டதுபோக எஞ்சிய நைத்திரேற்று, நீரோடு இறங்கிக் குடிநீர்க் கிணற்றைச் சேர்கிறது. குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் இவ்வளவு மீறப்பட்டுள்ளதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இதற்கு நிறமில்லை, மணமில்லை. காய்ச்சினாலும் நீங்காது, நீர் வற்ற வற்றச் செறிவு கூடவே செய்யும். 1945ஆம் ஆண்டில், அமெரிக்காவின் அயோவா மாநிலத்து மருத்துவர் ஹண்டர் கொம்லி, இத்தகைய கிணற்று நீரில் கரைத்த பாலை உண்ட சிசுக்களின் உடல் நீலம் பாரித்ததை எடுத்துரைத்தார். இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழப்பதே அதன் காரணம்.

விளைச்சலின் பயனைப் பெற்றவர் ஒருவர்; ஆபத்தைச் சுமப்பது தொட்டிலிற் கிடக்கும் மற்றொரு வீட்டுக் குழந்தை. அக்குழந்தையின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. தோட்டக்காரரைக் குற்றஞ் சொல்வதும் முறையன்று; அவர் குடிப்பதும் அதே நீரைத்தானே!

அப்படியானால் பசளையைத் தடுத்துவிட்டாற் போதுமா? 2021இல் இலங்கை அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்தது. விளைச்சல் சரிந்தது, அவ்வாண்டு முடியுமுன்னரே தடை கைவிடப்பட்டது. அங்கும் சுமக்கப்போகிறவரைக் கேளாமலே முடிவெடுக்கப்பட்டது.

செய்யக்கூடியவை உண்டு. பயிருக்கு வேண்டிய அளவு பசளையைச் சிறிது சிறிதாகப் பிரித்து இடலாம். கிணற்று நீரைப் பரிசோதித்து, முடிவை ஊரறியச் சொல்லலாம். ஐயமுள்ள நீரைச் சிசுக்களின் பாலிற் சேர்க்காதிருக்கலாம்.

வேலி நிலத்தின் மேலேதான் உண்டு. நிலத்தின் கீழே நீர் ஒன்றே. புதிய கருவி எதுவானாலும், அதைக் கையில் எடுக்குமுன் அயல்வீட்டுக் கிணற்றையும் ஒருமுறை எட்டிப் பார்ப்போமாக.