தகுதி உண்டு, தொகை இல்லை: பிரிட்டனின் ஒரு விதி தரும் பாடம்

சமூக அறிவியல் வகுப்பில் மக்கள் நல அரசைப் பற்றிப் பேசும்போது பிரிட்டனை எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். 1942-இல் வெளிவந்த பெவரிட்ஜ் அறிக்கை, அதன் பின் வந்த சமூகப் பாதுகாப்புத் திட்டங்கள் என்று பட்டியலிட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். பட்டியல் மாணவர் மனத்தில் தங்குவதில்லை. அதனால் அந்தத் திட்டங்களிலிருந்து ஒரே ஒரு விதியை எடுத்து, கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டுவதை நான் பழக்கமாக வைத்திருக்கிறேன். முதுமையில் அரசு ஓய்வூதியம் வாங்குபவர், வீட்டில் நோயுற்ற ஒருவரைப் பராமரித்தால் அதற்கான உதவித்தொகையையும் பெறலாமா? இதற்கு விடை சொல்லும் விதி அது. 'பெறலாம்', 'பெற முடியாது' என்ற இரண்டிலும் அந்த விடை அடங்காது.

இரண்டு தொகைகள்

முதலாவது, அரசு ஓய்வூதியம். நம் ஊரில் இந்தச் சொல்லைக் கேட்டதும் அரசு ஊழியர் நினைவுக்கு வருவார். பிரிட்டனில் இது தேசியக் காப்பீட்டுக் கணக்கில் போதிய ஆண்டுகள் பதிவாகியுள்ள எவருக்கும் உரியது. இதற்கான வயது 66. 2026-இல் தொடங்கி 2028-க்குள் படிப்படியாக 67 ஆகிறது. புதிய ஓய்வூதிய முறையில் முழுத் தொகை 2025-26 நிதியாண்டில் வாரத்துக்கு 230.25 பவுண்டு.

இரண்டாவது, 'கேரர்ஸ் அலவன்ஸ்' எனப்படும் பராமரிப்பாளர் உதவித்தொகை. வாரத்துக்கு 35 மணி நேரமாவது ஒருவரைப் பராமரிக்க வேண்டும். பராமரிக்கப்படுபவர், மாற்றுத்திறனுக்கோ முதுமைத் தளர்ச்சிக்கோ உரிய குறிப்பிட்ட உதவிகளில் ஒன்றை ஏற்கெனவே பெற்றுவர வேண்டும். பராமரிப்பவருக்கு 16 வயது நிறைந்திருக்க வேண்டும். வாரத்துக்கு 21 மணி நேரமோ அதற்கு மேலோ படிப்பவராக இருக்கக் கூடாது. வேலை பார்த்தால், பிடித்தங்கள் போக வாரச் சம்பாத்தியம் ஒரு வரம்பைத் தாண்டக் கூடாது; 2025-26-இல் அந்த வரம்பு 196 பவுண்டு. இத்தனைக்கும் உட்பட்டால் 2025-26-இல் வாரத்துக்கு 83.30 பவுண்டு கிடைக்கும்.

மூன்று பேர், மூன்று கணக்கு

வகுப்புக்காக நான் உருவாக்கிய மூன்று பாத்திரங்களைச் சொல்கிறேன். மூவரும் இங்கிலாந்தில் வசிப்பவர்கள்.

முதலாமவர் ஓர் ஆசிரியை. 60 வயதில் ஓய்வு பெற்று, ஆசிரியர் ஓய்வூதியத் திட்டத்தில் பணி ஓய்வூதியம் வாங்குகிறார். படுக்கையில் இருக்கும் தாயாரைப் பார்த்துக்கொள்கிறார். பணி ஓய்வூதியம் சம்பாத்தியமாகக் கருதப்படுவதில்லை; உதவித்தொகையோடு மோதுவதுமில்லை. எனவே 83.30 பவுண்டு முழுதாகக் கிடைக்கிறது. 66 வயதில் அவருக்கு அரசு ஓய்வூதியம் 230.25 பவுண்டு வரத் தொடங்குகிறது. அன்றிலிருந்து பராமரிப்பாளர் உதவித்தொகை பூஜ்ஜியம்.

இரண்டாமவர் குறைந்த ஆண்டுகளே காப்பீட்டுச் சந்தா கட்டியவர். அரசு ஓய்வூதியம் வாரத்துக்கு 60 பவுண்டுதான். இவருக்கு 83.30-இல் 60 போக மீதி 23.30 பவுண்டு மட்டும் உதவித்தொகையாக வரும். ஓய்வூதியம் 83.30-ஐ எட்டினாலோ தாண்டினாலோ ஒன்றும் வராது.

மூன்றாமவர் கணவரை இழந்த தாய். வளர்ந்த மாற்றுத்திறனாளி மகனைப் பராமரிக்கிறார். முழு அரசு ஓய்வூதியம் தவிர வேறு வருமானம் இல்லை. முதலாமவரைப் போலவே இவருக்கும் உதவித்தொகை பூஜ்ஜியம். ஆனால் இவர் கணக்கு இங்கே முடிவதில்லை. அதைப் பிறகு பார்ப்போம்.

ஏன் இப்படி ஒரு விதி?

இரண்டு தொகைகளையும் பிரிட்டன் சட்டம் ஒரே இனத்தில் வைக்கிறது. முதுமையால் சம்பாதிக்க முடியாதவருக்கு ஓய்வூதியம். பராமரிப்பினால் சம்பாதிக்க முடியாதவருக்கு உதவித்தொகை. இரண்டுமே இழந்த வருமானத்துக்கு ஈடு. ஓர் இழப்புக்கு இரண்டு ஈடு கிடையாது என்பது அதன் தர்க்கம்.

பராமரிப்பவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்தத் தர்க்கம் இடறுகிறது. நம் ஆசிரியை 65 வயதில் தாயாரைத் தூக்கி உட்காரவைத்தார். 66 வயதிலும் அதையேதான் செய்கிறார். வேலை குறையவில்லை, முதுகு வலிதான் கூடியிருக்கும். இந்தத் தொகை இழந்த சம்பளத்துக்கு ஈடா, செய்யும் வேலைக்கு மதிப்பா? விவாதம் முழுவதும் இந்தக் கேள்வியில்தான் நிற்கிறது.

இத்திட்டத்தின் வரலாறும் இதே கேள்வியைச் சுற்றியே நகர்ந்திருக்கிறது. 1976-இல் 'இன்வாலிட் கேர் அலவன்ஸ்' என்ற பெயரில் இது தொடங்கியபோது, கணவரோடு வாழும் மணமான பெண்களுக்குக் கிடையாது என்றார்கள். அவர்கள் எப்படியும் வீட்டில்தானே இருப்பார்கள் என்ற எண்ணம்தான். தாயைப் பராமரிக்க வேலையை விட்ட ஜாக்குலின் டிரேக் என்ற பெண் தொடர்ந்த வழக்கில், இது பாலினப் பாகுபாடு என்று ஐரோப்பிய நீதிமன்றம் 1986-இல் தீர்ப்பளித்தது. 65 வயதைக் கடந்தவர் புதிதாகக் கோர முடியாது என்ற தடை 2002 அக்டோபரில் நீங்கியது. மறு ஆண்டு திட்டம் இன்றைய பெயரைப் பெற்றது. வயதுக் கதவு திறந்தது; ஆனால் உள்ளே நுழையும் முதியோரில் பெரும்பாலோருக்கு அரசு ஓய்வூதியம் இருப்பதால் கைக்கு வருவது பூஜ்ஜியம்தான்.

அந்தப் பூஜ்ஜியத்தின் மதிப்பு

பணம் வராது என்று தெரிந்தால் எதற்கு விண்ணப்பிக்க வேண்டும்? மாணவர்கள் உடனே கேட்பார்கள். மூன்றாமவரின் கணக்கை இப்போது தொடரலாம்.

மற்ற நிபந்தனைகள் அனைத்தையும் நிறைவு செய்து, ஓய்வூதியம் மட்டுமே தடையாக இருந்தால், விண்ணப்பித்தவருக்கு 'தகுதி உண்டு, தொகை இல்லை' என்ற நிலை பதிவாகும். இந்தத் தகுதி இன்னொரு திட்டத்தின் கதவைத் திறக்கிறது. அது 'பென்ஷன் கிரெடிட்'. ஓய்வு வயதை எட்டியவரின் வருமானம் ஒரு குறைந்தபட்ச அளவுக்குக் கீழே இருந்தால் அரசு அதை நிரப்பித் தரும். தனியாள் ஒருவருக்கு 2025-26-இல் அந்த அளவு 227.10 பவுண்டு. அந்தத் தாயின் ஓய்வூதியம் 230.25. அதாவது 3.15 பவுண்டு கூடுதல். எனவே அவருக்கு ஒன்றுமில்லை.

ஆனால் பராமரிப்பாளர் தகுதி பதிவாகியிருந்தால் அந்த அளவோடு 46.40 பவுண்டு சேரும். 227.10 + 46.40 = 273.50. இதில் 230.25 போக, வாரத்துக்கு 43.25 பவுண்டு அவருக்குக் கிடைக்கும். 52 வாரங்களுக்கு 2,249 பவுண்டு. சேமிப்பு 10,000 பவுண்டுக்குள் இருந்தால் அது கணக்கில் வராது. 'உங்களுக்கு உதவித்தொகை வராது' என்று யாரோ சொன்னதைக் கேட்டு விண்ணப்பிக்காமல் இருந்தால் இழப்பது இந்தத் தொகையைத்தான்.

இன்னொரு நுட்பமும் உண்டு. பராமரிப்பவர் உதவித்தொகையை உண்மையாகவே கையில் வாங்கினால், பராமரிக்கப்படுபவரின் கடும் இயலாமைக்கான கூடுதல் தொகை நின்றுபோகலாம். தகுதி மட்டும் இருந்து தொகை வராத நிலையில் அது நிற்காது.

வகுப்பறையில்

இந்தக் கணக்கைத் தொடக்க வகுப்பில் தசமக் கழித்தலாகவும், உயர்நிலை வகுப்பில் விவாதமாகவும் நடத்தலாம். 83.30-ஐ 35-ஆல் வகுக்கச் சொல்லுங்கள், மணிக்கு 2.38 பவுண்டு வரும். 2025 ஏப்ரலில் அங்கே 21 வயது நிறைந்தவருக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு, 'இது கூலியா, உதவியா?' என்று கேட்டால் போதும். வகுப்பே பேசத் தொடங்கும். பாட்டியைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள் வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பேசுவார்கள்.

நம் சட்டமும் நம் வேலையும்

இந்தியாவின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பிரிவு 24-இல் பராமரிப்பாளர் படியைக் குறிப்பிடுகிறது. அதை உயர் ஆதரவு தேவைப்படும் மாற்றுத்திறனாளிக்கு உரியதாகவே சட்டம் சொல்கிறது. பராமரிப்பவர் இழந்த சம்பளத்துக்கு ஈடாக அன்று. தமிழ்நாட்டில் கடும் பாதிப்புடையோருக்கு வழங்கப்படும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகையும் மாற்றுத்திறனாளியின் பெயரிலேயே வழங்கப்படுகிறது. பிரிட்டன் பராமரிப்பவரிடமிருந்து தொடங்குகிறது. நாம் பராமரிக்கப்படுபவரிடமிருந்து தொடங்குகிறோம்.

ஆனால் பூஜ்ஜியத்தின் பாடம் நமக்கும் பொருந்தும். மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் தன்னளவில் ஒரு ரூபாயும் தருவதில்லை. 'உதவித்தொகை கிடைக்காதாம், சான்றிதழ் எதற்கு?' என்று கேட்கும் பெற்றோரை நான் சந்தித்திருக்கிறேன். பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், கல்வி உதவித்தொகை, பிற்காலத்தில் வேலைவாய்ப்பில் இட ஒதுக்கீடு எல்லாவற்றுக்கும் அந்தத் தாள்தான் வேண்டும். ஒரு திட்டத்தில் 'இல்லை' என்று சொல்லிவிட்டார்கள் என்று பெற்றோர் வந்து சொன்னால் நான் இரண்டு கேள்விகள் கேட்பேன்: தகுதியே இல்லையா, தொகை மட்டும் இல்லையா? இந்தத் தகுதியைக் காட்டி வேறு எங்கே கேட்கலாம்? பல வீடுகளுக்குப் படிவம் நிரப்பித் தருபவர் ஆசிரியர்தான். இந்த இரண்டு கேள்விகளையும் படிவத்தைக் கையில் எடுக்கும் முன் நாம் கேட்டுவிட வேண்டும்.