இருபத்தைந்து வயதில் கட்டும் ஆயிரம் ரூபாய்

"சம்பளம் கொஞ்சம் கூடட்டும், அப்புறம் சேமிக்கலாம்." புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் பலர் சொல்வது இதுதான். வாடகை, கல்விக்கடன் தவணை, வீட்டுக்கு அனுப்பும் பணம் எல்லாம் போகக் கையில் நிற்பது சொற்பம் என்பது உண்மைதான். ஆனாலும் நீண்டகாலச் சேமிப்பில் தொகையைவிடக் காலம்தான் அதிகம் உழைக்கிறது. முதல் பத்து ஆண்டுகளை விட்டுவிட்டால் பிறகு ஈடுகட்டுவது கடினம்.

அக்காவும் தம்பியும்

பி.பி.எஃப். எனப்படும் பொது வருங்கால வைப்பு நிதியை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இதற்கு 2020 ஏப்ரல் முதல் ஆண்டு வட்டி 7.1 சதவீதம். அரசு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வட்டியை மறுபரிசீலனை செய்யும் என்றாலும், இதே விகிதம் நீடிப்பதாக வைத்துக்கொள்வோம்.

அக்கா 25 வயதில் தொடங்கி, ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் 12,000 ரூபாய் கட்டுகிறார். பத்து ஆண்டுகள் கட்டியதும் நிறுத்திவிடுகிறார்; ஆனால் சேர்ந்த பணத்தில் 60 வயதுவரை கை வைப்பதில்லை. தம்பி 35 வயதில் தொடங்கி, அதே 12,000 ரூபாயை 25 ஆண்டுகள் விடாமல் கட்டுகிறார்.

அக்கா கட்டியது 1.20 லட்சம், 60 வயதில் கிடைப்பது சுமார் 9.91 லட்சம். தம்பி கட்டியது 3 லட்சம். கிடைப்பது சுமார் 8.25 லட்சம். அக்கா நிறுத்தாமல் 60 வரை கட்டியிருந்தால் சுமார் 18.16 லட்சம் சேர்ந்திருக்கும்.

குறைவாகக் கட்டிய அக்காவுக்கு அதிகம் கிடைக்கக் காரணம், வட்டிக்கு வட்டி. 7.1 சதவீதத்தில் பணம் ஏறக்குறைய பத்து ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது. 25 வயதில் போட்ட ஆயிரம் ரூபாய் 60 வயதில் சுமார் 11,030 ரூபாய் ஆகும். 35 வயதில் போட்டால் 5,560 ரூபாய். 50 வயதில் போட்டால் 1,990 ரூபாய்தான்.

பி.பி.எஃப். எப்படி?

1968-இல் வந்த திட்டம் இது. தபால் நிலையத்திலோ வங்கியிலோ தொடங்கலாம். ஆண்டுக்குக் குறைந்தது 500 ரூபாய், அதிகபட்சம் 1.5 லட்சம். முதிர்வுக்காலம் 15 ஆண்டுகள்; பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாக நீட்டிக்கலாம். அந்த 15 ஆண்டுகளுக்கும் குறைந்தபட்சத் தொகையைக் கட்டியே ஆகவேண்டும் என்பதால், அக்காவைப் போல் பத்தாம் ஆண்டில் அடியோடு நிறுத்த முடியாது. ஏழாம் நிதியாண்டிலிருந்து ஒரு பகுதியை எடுக்கலாம். வட்டிக்கு வருமான வரி இல்லை.

பலர் கவனிக்காத விதி ஒன்று உண்டு. ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி முடிவிலிருந்து மாதக் கடைசிவரை கணக்கில் இருந்த மிகக் குறைந்த இருப்புக்குத்தான் வட்டி. 6-ஆம் தேதி கட்டினால் அந்தத் தொகைக்கு அந்த மாத வட்டி போயிற்று. மொத்தமாகக் கட்டுபவர்கள் ஏப்ரல் 5-க்குள் கட்டினால் முழு ஆண்டு வட்டியும் கிடைக்கும்.

பி.எஃப். பணத்தை உடைக்காதீர்கள்

பி.எஃப். எனப்படும் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியில் இருப்பவர்கள் தங்களுக்கே தெரியாமல் சேமிப்பைத் தொடங்கிவிட்டார்கள். அடிப்படைச் சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் பொதுவாக 12 சதவீதம் பிடிக்கப்படுகிறது. நிறுவனமும் தன் பங்கைப் போடுகிறது. 2024-25-க்கான வட்டி 8.25 சதவீதம். வேலை மாறும்போதெல்லாம் இந்தப் பணத்தை எடுத்துச் செலவழிப்பதுதான் பெரிய இழப்பு. மிக நீண்ட காலம் வளரக்கூடிய பணம் அதுதான். ஒவ்வொரு பி.எஃப். உறுப்பினருக்கும் தரப்படும் யு.ஏ.என். எண் மூலம் பழைய கணக்கைப் புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். ஐந்து ஆண்டுப் பணி முடியும் முன் எடுத்தால் வரியும் வரலாம்.

விலைவாசியை மறக்கக் கூடாது

ரிசர்வ் வங்கியின் பணவீக்க இலக்கு 4 சதவீதம். விலைவாசி அந்த வேகத்தில் ஏறினால்கூட, 35 ஆண்டுகள் கழித்துக் கிடைக்கும் 18.16 லட்சத்துக்கு இன்றைய மதிப்பு சுமார் 4.6 லட்சம்தான். ஆண்டுக்கு 12,000, அதாவது மாதம் ஆயிரம் ரூபாயோடு நின்றுவிட்டால் போதாது என்பதை இது காட்டுகிறது. சம்பளம் ஏற ஏறக் கட்டும் தொகையையும் ஏற்ற வேண்டும். ஆண்டுக்கு 5 சதவீதம் கூட்டிக்கொண்டே போனால் அதே 35 ஆண்டுகளில் சுமார் 33.75 லட்சம் சேரும்.

பத்து, பதினைந்து ஆண்டுகள் தொட வேண்டியிராத பணத்தில் ஒரு பகுதியைப் பங்குச்சந்தை சார்ந்த மியூச்சுவல் ஃபண்டில் எஸ்.ஐ.பி. எனப்படும் தவணை முறையில் போடலாம். விலைவாசியை மிஞ்சும் வாய்ப்பு அதில் அதிகம், இறக்கமும் உண்டு. 2008 ஜனவரியில் 21,000 புள்ளிகளைத் தொட்ட பங்குச்சந்தைக் குறியீடான சென்செக்ஸ், அதே ஆண்டு அக்டோபரில் பாதிக்கும் கீழே இறங்கியது. 2010 நவம்பரில் மீண்டும் 21,000-ஐத் தொட்டது. அந்த இடைவெளியில் பீஸ் கட்டவும் கல்யாணத்துக்கும் பணத்தை எடுக்க நேர்ந்தவர்களுக்கு நஷ்டம். காத்திருக்க முடிந்தவர்களுக்கு மீட்சி.

எதிலிருந்து தொடங்குவது?

கிரெடிட் கார்டு பாக்கி இருந்தால் அதை முதலில் அடைத்துவிடுங்கள். மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி போகும் கடனை வைத்துக்கொண்டு 7 சதவீதத்துக்குச் சேமிப்பதில் பயனில்லை. அடுத்து, மூன்று மாதச் செலவுக்கான பணத்தை உடனே எடுக்கக்கூடிய கணக்கில் வையுங்கள். வேலை போனாலும் ஆஸ்பத்திரிச் செலவு வந்தாலும் நீண்டகாலச் சேமிப்பை உடைக்காமல் காப்பது அதுதான்.

பிறகு, சம்பளம் வந்த மறுநாளே ஒரு தொகை தானாகச் சேமிப்புக்குப் போகும்படி வங்கியில் சொல்லிவிடுங்கள். 500 ரூபாய் என்றாலும் சரி. தொகையைப் பின்னால் கூட்டிக்கொள்ளலாம்; தவறிய ஆண்டுகளைக் கூட்ட வழியில்லை.