எலும்புக்குள் ஒரு ரகசியம்

நெய்வேலி நகரத்துக்கு அருகே, முந்திரித் தோப்புகளுக்கு நடுவில் இருக்கிறது முத்தாண்டிக்குப்பம். அந்தப் பக்கத்தாருக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். முந்திரிக் கொட்டையின் ஓடு பளபளவென்று இருக்கும். உள்ளே பருப்போ சூம்பிக் கிடக்கும். அதனால்தான் விலை பேசுமுன் சில கொட்டைகளை வெட்டிப் பார்ப்பது முந்திரி வியாபாரத்தில் வழக்கம்.

நம் எலும்பும் அப்படித்தான், சகோதரிகளே! ஆனால் அதை வெட்டிப் பார்க்க முடியுமா?

மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற சுரப்பு குறைகிறது. அதையொட்டிச் சில ஆண்டுகள் எலும்பின் சத்து வேகமாகக் கரைகிறது. வலி இல்லை, வீக்கம் இல்லை. குளியலறையில் லேசாக வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்த பிறகுதான் பலருக்குச் சேதியே தெரிகிறது! சாதாரண எக்ஸ்ரே படத்திலும், சுமார் 30 சதவீதம் கரைந்த பிறகே அது புலப்படும்.

முன்கூட்டியே சொல்லக்கூடியது 'டெக்ஸா' பரிசோதனை. ஊசி கிடையாது. பத்துப் பதினைந்து நிமிஷம் மேஜைமேல் படுத்திருந்தால் போதும். மிகக் குறைந்த எக்ஸ்ரே கதிர் முதுகெலும்பையும் இடுப்பையும் அளந்துவிடும். விடை, 'டி-ஸ்கோர்' என்ற எண். உலக சுகாதார நிறுவனம் 1994-ல் வகுத்த கணக்குப்படி, மைனஸ் 1-க்குக் கீழே போனால் எலும்பு மெலிவு, மைனஸ் 2.5-ஐத் தொட்டால் எலும்புப்புரை.

இலவச முகாம்களில் குதிகாலை மட்டும் அளந்து சீட்டுக் கொடுக்கிறார்களே, அது? அது வெறும் சல்லடை, தீர்ப்பு அல்ல. அதை நம்பி மாத்திரை வாங்கவும் வேண்டாம், நிம்மதியாக இருந்துவிடவும் வேண்டாம். டாக்டரிடம் காட்டி, டெக்ஸா தேவையா என்று கேளுங்கள்.

யாருக்குத் தேவை? 65 வயதான பெண்கள் எல்லோருக்கும். 45 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றவர்கள், கருப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துக்கொண்டவர்கள், மாதக் கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர்கள், பெற்றோருக்கு இடுப்பு முறிந்த குடும்பத்தார், சிறிய தடுக்கலில் கை முறிந்தவர்கள் ஆகியோர் அதுவரை காத்திருக்க வேண்டாம்.

எண் குறைந்திருந்தால் கலங்காதீர்கள்; முறிவைத் தடுக்க நல்ல மருந்துகள் உண்டு. எண் நன்றாயிருந்தாலும் கேழ்வரகையும், வெயிலையும், நடையையும் கைவிடாதீர்கள். வீட்டில் எல்லோருக்கும் பால் ஆற்றிக் கொடுத்துவிட்டு, காலிப் பாத்திரத்தைத் தேய்க்கப் போடும் இல்லத்தரசிகளே! நாளை முதல் உங்களுக்கும் ஒரு தம்ளர் எடுத்து வையுங்கள்.